படுக்கையை நனைக்கும் பிள்ளைகள்: வீட்டில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இவ்ளோ பெரிய பையனாயிட்டே, வெக்கமா இல்ல?" நனைந்த மெத்தையை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போகும்போது சென்னை வீடுகளில் இந்தக் கேள்வி பக்கத்து ஃபிளாட்டுக்கும் கேட்கும். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு ஸ்கூல் வேனுக்குப் போகும்.

தவறுகளில் பெரியது இந்தத் திட்டுதான். அடிப்பதும், "சூடு போட்டுடுவேன்" என்று மிரட்டுவதும், சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிக் காட்டுவதும் இதில் சேர்த்தி. ஆழ்ந்த தூக்கத்தில் நடப்பதற்குப் பிள்ளை எப்படிப் பொறுப்பாகும்? இரவில் சிறுநீர் சுரப்பைக் குறைக்கும் வாஸோப்ரெசின் ஹார்மோன் சில பிள்ளைகளுக்குப் போதிய அளவு கூடுவதில்லை. சிலருக்குச் சிறுநீர்ப்பை சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பினாலும் விழிப்புத் தட்டாது. பரம்பரையும் உண்டு. அப்பா, அம்மா இருவருக்குமே சின்ன வயதில் இது இருந்திருந்தால், பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 75 சதவீதம். பாட்டியைக் கேட்டால் உண்மை வெளியே வரும். "அப்பாவுக்கும் இருந்துச்சுடா, சரியாயிடுச்சு" என்ற ஒரு வார்த்தை பிள்ளைக்கு எவ்வளவு தெம்பு தரும் தெரியுமா?

ஐந்து வயது வரை இதைப் பிரச்சினையாகவே பார்க்க வேண்டாம். அந்த வயதில் நூற்றில் சுமார் 15 பிள்ளைகள் படுக்கையை நனைக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு வருடமும் அவர்களில் ஏழில் ஒருவருக்குத் தானாகவே நின்றுவிடுகிறது.

அடுத்த தவறு, தண்ணீரையே நிறுத்துவது. பல வீடுகளில் நடப்பது இதுதான்: ஸ்கூல் டாய்லெட் நாற்றத்துக்குப் பயந்து பிள்ளை பகலில் தண்ணீர் குடிப்பதில்லை, பாட்டில் அப்படியே திரும்பி வருகிறது. நாலு மணிக்கு மேல்தான் மடமடவென்று குடிக்கிறது. சென்னை வெயிலில் தண்ணீரைக் குறைக்கக் கூடாது, பகலுக்கு மாற்ற வேண்டும். ஸ்கூலில் இரண்டு தடவையாவது ஒன்றுக்குப் போகச் சொல்லுங்கள். டாய்லெட் சரியில்லை என்றால் டீச்சரிடம் பேசுங்கள். சாயங்கால டீ, காபி, கோலா வேண்டாம். படுக்கும் முன் ஒருமுறை போய்விட்டு வரட்டும்.

மலச்சிக்கலை யாரும் இதோடு சேர்த்து யோசிப்பதில்லை. மலம் தேங்கினால் அது சிறுநீர்ப்பையை அழுத்தும். அதைச் சரிசெய்ததுமே சில பிள்ளைகளுக்குப் படுக்கை காய்ந்துவிடுகிறது.

நடுராத்திரியில் அரைத்தூக்கத்தில் தூக்கிப் போய் நிற்க வைத்தால் அன்றைக்கு மெத்தை தப்பும், அவ்வளவே. பிள்ளை அதில் எதையும் பழகுவதில்லை.

ஆறு, ஏழு வயதுக்கு மேலும் தொடர்ந்தால் வைத்தியம் இருக்கிறது. ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரம் நல்ல பலன் தரும், ஆனால் இரண்டு மூன்று மாதம் பொறுமை வேண்டும். முதலில் பிள்ளை எழாது. நீங்கள்தான் எழுந்து எழுப்ப வேண்டும். இரண்டே வாரத்தில் அலுத்துப்போய் அதை மூட்டை கட்டிவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. வாஸோப்ரெசின் போலவே இரவில் சிறுநீர் சுரப்பைக் குறைக்கும் டெஸ்மோப்ரெசின் மாத்திரை சீக்கிரம் கேட்கும், நிறுத்தினால் பலருக்குத் திரும்பும். மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எட்டு மணி நேரம் பின்புவரை தண்ணீரை மிகவும் அளவாகவே தர வேண்டும். இல்லையென்றால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம். அதனால் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

சில நிலைமைகளில் காத்திருப்பதே தவறு. ஆறு மாதமோ அதற்கு மேலோ நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று மறுபடி ஆரம்பித்தால் காரணம் தேட வேண்டும். கூடவே தாகம் அதிகமாகி எடையும் இறங்கினால் அன்றைக்கே சர்க்கரை பாருங்கள். சிறுநீர் எரிச்சல், பகலிலும் கசிவு, பலத்த குறட்டை இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்கூலிலோ வீட்டிலோ ஏதாவது பயம் இருக்கிறதா என்று தனியாக, மெதுவாகக் கேளுங்கள்.

செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. போகும்முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்த இரவு நனைந்தது, எப்போது எவ்வளவு தண்ணீர் குடித்தது, மலம் எத்தனை நாளுக்கு ஒருமுறை போனது. டாக்டர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.