அரையடிக்குக் கீழே ஒரு தட்டு

எங்கள் செம்மண் நிலத்தில் மழை பெய்தால் தண்ணீர் தேங்கும்; நான்கு நாள் வெயிலடித்தால் நிலக்கடலைச் செடி துவளும். உரம் போட்டுப் போட்டுக் காசுதான் கரைந்தது.

ஒருநாள் இரண்டடிக் குழி வெட்டிப் பக்கச் சுவரைப் பார்த்தேன். மேலே அரையடி பொலபொலவென்ற மண். அதன்கீழ் நான்கு விரல் தடிமனுக்கு ஓடுபோல் இறுகிய அடுக்கு. ஆணிவேர் அதில் முட்டிப் பக்கவாட்டில் வளைந்திருந்தது. அதற்கும் கீழே மறுபடி இளகிய மண்! பல வருடமாக ஒரே ஆழத்தில் டிராக்டர் ஓட்டி, மண்ணின் துளைகளை நானே நசுக்கியிருக்கிறேன். மனம் வலித்தது.

அந்த இறுகிய தட்டை உடைக்க, கோடையில் மண்ணை ஆழமாகக் கீறும் உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக 40 செ.மீ. ஆழம் உழுதேன். நிலம் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் ஓட்டினால் தட்டு உடையாது, கீறல்தான் விழும். ஏக்கருக்கு 5 டன் தொழுவுரமும் இட்டேன். அடுத்த மழையில் தண்ணீர் மாலைக்குள் இறங்கிவிட்டது.