ஒட்டி வளரும் செல்களைப் பாசேஜ் செய்வது எப்படி? முதன்முறை செய்பவர்களுக்கு

செல் கல்ச்சர் லேபில் சேர்ந்ததும் முதலில் கைவர வேண்டிய வேலை பாசேஜ். ஃபிளாஸ்க்கின் அடியில் ஒட்டி வளரும் செல்கள் பெருகப் பெருக, அவற்றுக்கு உணவான மீடியம் என்ற திரவத்தில் சத்து குறையும், கழிவு சேரும். செல்கள் நலிவதற்குள் அவற்றைப் பெயர்த்தெடுத்து, ஒரு பங்கை மட்டும் புது ஃபிளாஸ்க்குக்கு மாற்ற வேண்டும். இதுதான் பாசேஜ். இங்கே ஹீலா என்ற மனிதப் புற்றுநோய்ச் செல்களையும் டி-25 ஃபிளாஸ்க்கையும் (அடிப்பரப்பு 25 சதுர செ.மீ.) வைத்துச் சொல்கிறேன். ஒட்டி வளரும் மற்ற செல்களுக்கும் வரிசை இதேதான். நேரமும் அளவும் மாறும்.

முதலில் பாருங்கள்

எதையும் திறப்பதற்கு முன் ஃபிளாஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்து மீடியத்தின் நிறத்தைக் கவனியுங்கள். அதில் ஃபீனால் ரெட் என்ற சாயம் இருக்கிறது. சிவப்பாக இருந்தால் நல்லது. மஞ்சளாகியிருந்தால் அமிலம் கூடிவிட்டது: செல்கள் நிறைந்திருக்கலாம், பாக்டீரியா புகுந்திருக்கலாம். கலங்கியிருந்தால் ஹூட்டுக்கு, அதாவது கிருமி புகாமல் வேலைசெய்யும் கேபினெட்டுக்கு, கொண்டுபோகவே வேண்டாம். இன்வெர்ட்டட் மைக்ராஸ்கோப்பில் (அடியிலிருந்து பார்க்கும் வகை) பார்க்கும்போது அடிப்பரப்பில் 70 முதல் 80 சதவீதம் செல்கள் பரவியிருந்தால் பாசேஜுக்கு ஏற்ற நேரம்.

ஹூட்டைத் தயார்செய்வது

கிளாஸ் 2 பயோசேஃப்டி கேபினெட்டை முன்கூட்டியே போட்டு, காற்றோட்டம் சீராகும்வரை விடுங்கள். பிறகு 70 சதவீத ஆல்கஹாலால் உள்ளே துடையுங்கள். சுத்த ஆல்கஹால் இன்னும் நன்றாகக் கிருமியைக் கொல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, புரதம் சிதைய தண்ணீரும் வேண்டும். தண்ணீர் கலந்தது சற்று மெதுவாக உலர்வதால் வேலைசெய்யக் கூடுதல் நேரமும் கிடைக்கிறது. முன்பக்க கிரில்லின்மேல் கையையோ நோட்டையோ வைக்காதீர்கள். காற்றுத்திரை அங்கேதான் உருவாகிறது. திறந்த பாட்டிலுக்கு நேர் மேலே கையை நீட்டவும் கூடாது.

ஒரு நேரத்தில் ஒரு செல் லைன் (ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து வளர்த்துவரும் செல்கள்) மட்டும் ஹூட்டில் இருக்கட்டும். இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். வெவ்வேறு திசுக்களிலிருந்து வந்தவை என்று நம்பி ஆராய்ந்துவந்த பல செல் லைன்கள் உண்மையில் ஹீலாவே என்று 1966இல் மரபியலாளர் ஸ்டான்லி கார்ட்லர் எடுத்துக்காட்டினார். அந்த ஹீலா செல்கள், 1951இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றுநோய்க் கட்டியிலிருந்து, ஆராய்ச்சிக்கென்று அவருடைய அனுமதியைக் கேட்காமலேயே எடுக்கப்பட்டவை. லேபிளில் ஹீலா என்று எழுதும் ஒவ்வொருவரும் அவர் பெயரையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கழுவுவது

பழைய மீடியத்தை உறிஞ்சி எடுங்கள். கால்சியமும் மக்னீசியமும் இல்லாத பி.பி.எஸ். (செல்களைக் கழுவும் உப்புக் கரைசல்) 3 மில்லியைச் செல்கள்மேல் நேராக ஊற்றாமல், எதிர்ப்பக்கச் சுவரில் வழியவிட்டு, மெல்லச் சாய்த்துக் கழுவி எடுத்துவிடுங்கள். மீடியத்தில் உள்ள சீரம் (இரத்தத்திலிருந்து எடுக்கும் திரவம்), செல்களைப் பெயர்க்க அடுத்து விடப்போகும் டிரிப்சின் என்ற நொதியைத் தடுக்கும். கழுவாமல் விட்டால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் செல்கள் பெயராது.

டிரிப்சின்: கடிகாரத்தை அல்ல, செல்களைப் பாருங்கள்

0.25 சதவீத டிரிப்சின்-ஈ.டி.டி.ஏ. 1 மில்லி விட்டு, அடிப்பரப்பு முழுக்கப் பரவும்படி சாய்த்து, 37 டிகிரி இன்குபேட்டரில் வையுங்கள். செல்களைத் தரையோடு பிடித்துவைத்திருக்கும் புரதங்களை டிரிப்சின் வெட்டுகிறது. செல்லும் செல்லும் ஒட்டிக்கொள்ள வேண்டிய கால்சியத்தை ஈ.டி.டி.ஏ. கவர்ந்துகொள்கிறது.

புரோட்டோகாலில் "3 நிமிடம்" என்றோ "5 நிமிடம்" என்றோ எழுதியிருக்கும். அதை நம்பி வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள். இரண்டு நிமிடத்தில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். நீண்டு படர்ந்திருந்த செல்கள் ஓரங்களைச் சுருக்கி உருண்டையாகும், விளிம்பு பளிச்சென்று மின்னும். ஆனாலும் இன்னும் தரையில்தான் நிற்கும். ஃபிளாஸ்க்கின் பக்கவாட்டில் உள்ளங்கையால் லேசாகத் தட்டுங்கள். உருண்டைகள் கூட்டமாக நகர ஆரம்பித்தால் போதும். பாதிகூட நகரவில்லையென்றால் இன்னும் ஒரு நிமிடம் உள்ளே வையுங்கள். ஓங்கித் தட்டினால் செல்கள் தனித்தனியாகப் பிரியாமல் கட்டி கட்டியாகப் பெயரும். அளவுக்குமேல் விட்டால் டிரிப்சின் செல்லின் மேற்பரப்புப் புரதங்களையும் அரித்துவிடும். செத்த செல்களிலிருந்து வெளிவரும் டி.என்.ஏ. மீதிச் செல்களைப் பிசுபிசுவென்று சேர்த்துக் கட்டிவிடும்.

செல்கள் பெயர்ந்ததும் சீரம் கலந்த மீடியம் 4 மில்லி சேர்த்து டிரிப்சினை நிறுத்துங்கள். பிப்பெட்டால் நுரை வராமல் சில தடவை ஏற்றி இறக்கிக் கட்டிகளைப் பிரியுங்கள். சென்ட்ரிஃப்யூஜில் 200 ஜி விசையில் (புவியீர்ப்பைப்போல் 200 மடங்கு) 5 நிமிடம் சுழற்றி, மேலே நிற்கும் திரவத்தை எடுத்துவிட்டு, அடியில் படிந்த செல்களை 2 மில்லி புது மீடியத்தில் கலக்குங்கள்.

எண்ணுவது

இதிலிருந்து 20 மைக்ரோலிட்டரை அதே அளவு டிரிபன் ப்ளூ என்ற சாயத்தோடு கலந்து, ஹீமோசைட்டோமீட்டரில் (செல்களை எண்ணக் கட்டம் போட்ட கண்ணாடித் தகடு) விடுங்கள். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது, பளிச்சென்று தெரியும், செத்தது நீலமாகும். அதிக நேரம் வைத்திருந்தால் நல்ல செல்லும் நீலமாகிவிடும் என்பதால் உடனே எண்ணுங்கள். கோட்டின்மேல் நிற்கும் செல்களில் மேல்கோட்டிலும் இடதுகோட்டிலும் இருப்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு மூலைச் சதுரங்களில் உயிருள்ளவை 45, 52, 48, 55 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200, சராசரி 50. சாயத்தால் இருமடங்கு நீர்த்திருப்பதால் 2ஆல் பெருக்குங்கள். ஒரு சதுரத்தின் கொள்ளளவு 0.1 மைக்ரோலிட்டர் என்பதால் 10,000ஆல் பெருக்குங்கள். மில்லிக்கு 10 லட்சம் செல்கள். அதே சதுரங்களில் நீலமானவை 8 என்றால் 208இல் 200, அதாவது சுமார் 96 சதவீதம் உயிரோடு இருக்கின்றன. இது 90க்குக் கீழே போனால், முந்தைய படிகளில் எங்கே தவறியது என்று தேடுங்கள். பெரும்பாலும் டிரிப்சினில்தான் இருக்கும்.

புது ஃபிளாஸ்க்

5 லட்சம் செல்கள் வேண்டுமென்றால் 0.5 மில்லி எடுத்து 4.5 மில்லி மீடியத்தில் சேருங்கள். செல் பெயர், பாசேஜ் எண் (இது எத்தனையாவது பாசேஜ் என்பது), தேதி, உங்கள் இனிஷியல் நான்கையும் எழுதிவிடுங்கள். முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மெல்ல அசைத்து, 37 டிகிரி, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு உள்ள இன்குபேட்டரில் மட்டமாக வையுங்கள். வட்டமாகச் சுழற்றினால் செல்கள் நடுவில் குவிந்துவிடும். கழிவு மீடியத்தில் பிளீச் ஊற்றி, லேபின் பாதுகாப்பு விதியில் சொன்ன நேரம் விட்டுவிட்டுத்தான் கொட்ட வேண்டும்.

மறுநாள் பாருங்கள். பெரும்பாலான செல்கள் ஒட்டிப் படர்ந்திருக்க வேண்டும். மீடியம் தெளிவாக இருக்கிறதே என்று மட்டும் திருப்திப்பட்டுவிடாதீர்கள். மைகோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா புகுந்தாலும் மீடியம் கலங்காது, சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது. அதற்குச் செல்சுவரே இல்லாததால் பெனிசிலினும் அதை ஒன்றும் செய்யாது. அதனால் அதன் டி.என்.ஏ.வைத் தேடிக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். சோதனையை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். வேறு இடத்திலிருந்து வந்த செல்களை, அந்தச் சோதனை முடிவு கைக்கு வரும்வரை தனி இன்குபேட்டரில் வையுங்கள்.