கட்டட வேலையில் செலவைக் கட்டுப்படுத்துதல்: பணத்துக்கு முன் அளவைப் பார்ப்பது எப்படி

கட்டட வேலையில் செலவு கைமீறிவிட்டது என்ற செய்தியைப் பெரும்பாலும் கணக்குப் பிரிவினர்தான் முதலில் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும் நேரத்தில் அந்தப் பணம் தளமாகவும் தூணாகவும் இறுகிப்போயிருக்கும். சரக்கு வந்து இறங்கி, வேலையில் சேர்ந்து, அதற்கான பில் வந்து, சரிபார்க்கப்பட்டு, பணம் கொடுக்கப்படுவதற்குள் பல வாரங்கள் ஓடிவிடுகின்றன. ஆதலால் பணம் வெளியே போவதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்குச் செலவைத் திருத்தும் வாய்ப்பு கிடைப்பதே இல்லை. செலவுக் கட்டுப்பாட்டை அளவு நாடாவையும் ஸ்டோர் ஏட்டையும் கையில் வைத்துக்கொண்டு வேலைத்தளத்தில் தொடங்க வேண்டும். பணக்கணக்கு அதைப் பின்தொடர்ந்து வர வேண்டும்.

மதிப்பீட்டைப் பிரித்து வைத்தல்

சதுர அடிக்கு இவ்வளவு என்று போட்ட மதிப்பீட்டைக் கொண்டு ஒரு வேலையைத் தொடங்கலாம், ஆனால் கட்டுப்படுத்த முடியாது. அந்த ஒரே தொகைக்குள் கம்பிக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, சென்டரிங் (கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் தற்காலிகப் பலகையும் முட்டுகளும்) வாடகைக்கு எவ்வளவு என்று தெரியாதபோது, எது மீறியது என்பதும் தெரியாமல் போகிறது. வரைபடங்களிலிருந்து அளவெடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் அளவு, விலைவீதம், தொகை ஆகிய மூன்றையும் காட்டும் அளவுப் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு விலைவீதத்தையும் பொருள், கூலி, இயந்திரம் என்று உடைத்து எழுத வேண்டும். காவல், மேற்பார்வையாளர் சம்பளம், மின்சாரம், வாடகைக் கருவிகள் போன்றவை வேலையின் அளவைப் பொறுத்து ஏறுவதில்லை, நாட்களைப் பொறுத்து ஏறுகின்றன. அவற்றுக்குத் தனித் தலைப்பு வேண்டும். வேலை ஒரு மாதம் தள்ளிப்போனால் எவ்வளவு கூடும் என்ற கேள்விக்கு அப்போதுதான் உடனே விடை சொல்ல முடியும்.

ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் எண் கொடுத்து, கொள்முதல் ஆணை, ஸ்டோர் சீட்டு, வருகைப் பதிவேடு, பில் ஆகிய எல்லாவற்றிலும் அதே எண்ணை எழுதச் செய்யுங்கள். தலைப்புகளை அளவுக்கு மீறிப் பெருக்க வேண்டாம். நடுத்தரமான கட்டடத்துக்கு ஐம்பது அறுபது போதும் என்பது என் கருத்து. முந்நூறு தலைப்புகள் வைத்தால் தளத்தில் இருப்பவர்கள் மனம்போன எண்ணைப் போட்டுவிடுவார்கள், கணக்கு ஒழுங்காகத் தெரிந்தாலும் உண்மை அதில் இருக்காது. எதிர்பாராச் செலவுக்கான ஒதுக்கீட்டைத் தனியே வைத்து, எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல் அதிலிருந்து எதையும் எடுக்காதீர்கள்.

ஆணை கொடுத்த அன்றே பதிவு செய்தல்

கம்பிக்கு 20 லட்சம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 17 லட்சத்துக்கு ஆணை கொடுத்தாகிவிட்டது, 6 லட்சம் பணம் போயிருக்கிறது. கணக்கு ஏட்டைப் பார்ப்பவருக்கு 14 லட்சம் கையிருப்பாகத் தெரியும். உண்மையில் மீதி இருப்பது 3 லட்சம்தான். மேல் தளத்துக்கு இன்னும் 5 லட்சத்துக்குக் கம்பி தேவை என்றால், இந்தத் தலைப்பு ஏற்கெனவே 2 லட்சம் மீறிவிட்டது. இதை இன்றே சொல்லக்கூடியது ஆணைகளின் பதிவேடு மட்டுமே. எனவே ஒவ்வொரு தலைப்புக்கும் ஒதுக்கீடு, கொடுத்த ஆணைகளின் மதிப்பு, முடிந்த வேலையின் மதிப்பு, கொடுத்த பணம் என நான்கு பத்திகள் இருக்கட்டும். துணை ஒப்பந்தங்களும் கையெழுத்தான அன்றே முழுத் தொகையுடன் இரண்டாம் பத்தியில் ஏற வேண்டும்.

பொருள் கணக்கைச் சரிபார்த்தல்

பணம் சத்தமில்லாமல் ஒழுகும் இடம் பொருட்கள் என்பதால், இந்தப் பகுதியில் கூடுதலாக நேரம் செலவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முறை எளிது. முடிந்த வேலையை அளந்து, அதற்குக் கணக்குப்படி எவ்வளவு பொருள் தேவை என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆரம்ப இருப்புடன் வரவைக் கூட்டி, எண்ணிப் பார்த்த இறுதி இருப்பைக் கழித்து, உண்மையில் எவ்வளவு போயிற்று என்று காண வேண்டும். இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

சிமென்ட்டை எடுத்துக்கொள்வோம். 1:1.5:3 விகிதக் கான்கிரீட் (சிமென்ட், மணல், ஜல்லி என்ற வரிசையில்) ஒரு கன மீட்டருக்கு 50 கிலோ மூட்டைகள் ஏறத்தாழ 8 பிடிக்கும். வரைபடப்படி 60 கன மீட்டர் கொண்ட தளத்துக்கு 480 மூட்டைகள்; சேதாரம் 2 சதவீதம் சேர்த்தால் 490. ஸ்டோர் கணக்கில் 530 போயிருக்கிறது என்றால் உடனே திருட்டைச் சந்தேகிக்கத் தோன்றும். அதற்கு முன் தளத்தின் கனத்தை அளந்து பாருங்கள். 125 மி.மீ. இருக்க வேண்டிய தளம் 135 மி.மீ. ஆகியிருந்தால் கான்கிரீட் 8 சதவீதம் கூடுகிறது, அதாவது சுமார் 38 மூட்டைகள். காணாமல் போன 40 மூட்டைகளில் ஏறக்குறைய அத்தனையும் அந்த 10 மி.மீ.க்குள் இருக்கின்றன. மணலும் ஜல்லியும் அதே விகிதத்தில் கூடுதலாகப் போயிருக்கும், கட்டடத்தின் சொந்த எடையும் கூடியிருக்கும். இதற்குத் தீர்வு ஸ்டோரில் இல்லை. கான்கிரீட் போடுவதற்கு முன் சென்டரிங் மட்டத்தைச் சரிபார்ப்பதும், முட்டுகள் அழுந்தாமல் நிறுத்துவதும், கனத்துக்கான அடையாளங்களை வைத்து அதன்படி மட்டம் இழுப்பதும்தான் தீர்வு.

செலவு ஒரு தலைப்பில் பிறந்து வேறொரு தலைப்பில் வெளிப்படும் என்பதைப் பூச்சு வேலை நன்றாகக் காட்டுகிறது. 12 மி.மீ. கனத்தில் பூச வேண்டிய சுவர் தூக்குக்குண்டு நேரில் இல்லாவிட்டால், மேடு பள்ளத்தை மறைக்க 18 மி.மீ. பூச வேண்டிவரும், கலவை சரியாகப் பாதியளவு கூடிவிடும். கணக்கில் பூச்சு மீறியதாகத் தெரியும், ஆனால் தவறு நடந்தது இரண்டு மாதங்களுக்கு முன் செங்கல் கட்டும்போது. சுவர் எழும்பும் நாளிலேயே நேர் பார்ப்பவர் பூச்சுச் செலவைத்தான் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கிறார்.

கம்பியை எடைக்கு வாங்கி நீளத்துக்குப் பயன்படுத்துகிறோம். விட்டத்தை மி.மீ. கணக்கில் வர்க்கப்படுத்தி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும்: 12 மி.மீ. கம்பிக்கு 0.889 கிலோ, 16 மி.மீ. கம்பிக்கு 1.58 கிலோ. வந்திறங்கிய கம்பியை நீளத்தால் அளந்து இந்தக் கணக்கோடும் எடைமேடைச் சீட்டோடும் ஒப்பிடுங்கள். வெட்டுவதற்கு முன் வெட்டும் பட்டியல் போடுவது இதைவிட அதிகப் பயன் தரும். 12 மீட்டர் கம்பியிலிருந்து 3.7 மீட்டர் துண்டுகள் மூன்று எடுத்தால் 0.9 மீட்டர் மிஞ்சும், அது 7.5 சதவீதச் சேதம். 3.7 மீட்டரில் இரண்டும், வேறொரு உத்திரத்துக்குத் தேவையான 4.5 மீட்டரில் ஒன்றும் எடுத்தால் மிஞ்சுவது 10 செ.மீ. மட்டுமே. ஒரு மாலை நேரம் உட்கார்ந்து போடும் பட்டியல் இத்தனையையும் மிச்சப்படுத்துகிறது.

மணலை அளவுக்கு வாங்குபவர்கள் ஈரத்தைக் கவனிக்க வேண்டும். எடையில் 5 சதவீத அளவுக்கு ஈரம் ஏறினாலே மணல் 25 சதவீதமோ அதற்கு மேலோ உப்பிவிடும்; நுண்மணல் இன்னும் அதிகமாக உப்பும். ஒரு பாத்திரத்தில் ஈர மணலை 200 மி.மீ. உயரத்துக்குக் கொட்டி, நீர் ஊற்றி முழுவதும் நனைத்துக் கிளறிவிட்டு, படிந்தபின் அளந்து பாருங்கள். 160 மி.மீ.க்கு இறங்கினால் உப்பல் 25 சதவீதம்: ஐந்து பங்குக்கு விலை கொடுத்து நான்கு பங்கு வாங்கியிருக்கிறீர்கள். எடைக்கு வாங்கினால் ஈரத்தால் வரும் இழப்பு அந்தச் சில சதவீதத்தோடு நின்றுவிடும்.

கூலியும் வேலை அளவும்

வருகைப் பதிவேட்டில் தலைகளை மட்டும் எண்ணினால் பயனில்லை. அன்று யார் எந்த வேலையில் இருந்தார்கள் என்பதும் எழுதப்பட வேண்டும். வாரக் கடைசியில் கட்டிய சுவரின் கன மீட்டரை அதற்குச் செலவான ஆள்நாட்களோடு ஒப்பிட்டு, மதிப்பீட்டில் எடுத்துக்கொண்ட வீதத்துக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வீதம் குறைந்திருந்தால் ஆட்களைக் கடிந்துகொள்வதற்கு முன், அவர்கள் எத்தனை மணி நேரம் செங்கலுக்காகவும் சாரத்துக்காகவும் காத்திருந்தார்கள் என்று கேளுங்கள். நான் பார்த்த அளவில் காத்திருப்பே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது, அதற்குப் பொறுப்பு மேற்பார்வையிடுபவருடையது.

முடிந்த வேலையின் மதிப்பை வைத்துக் கணித்தல்

செலவையும் ஒதுக்கீட்டையும் மட்டும் ஒப்பிடுவது ஏமாற்றிவிடும். 100 லட்சம் மதிப்புள்ள வேலையில் இன்றைக்குள் 50 லட்சத்துக்கு வேலை முடிந்திருக்க வேண்டும். செலவு 45 லட்சம். 5 லட்சம் மிச்சம் என்று தோன்றுகிறது. ஆனால் அளந்து பார்த்தால் 40 லட்சத்துக்கான வேலைதான் முடிந்திருக்கிறது. அப்படியானால் செலவுக் குறியீடு 40ஐ 45ஆல் வகுத்த 0.89, கால அட்டவணைக் குறியீடு 40ஐ 50ஆல் வகுத்த 0.80. இதே போக்கு தொடர்ந்தால், அதாவது 40 லட்சத்துக்கான வேலைக்கு 45 லட்சம் என்ற வீதத்தில் செலவானால், முடிவில் செலவு 112.5 லட்சம் ஆகும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் ஒப்பந்ததாரர்களுக்கு 1967இல் விதித்த நெறிமுறைகளின் வழியாகப் பரவிய இந்த முறை, சிறிய கட்டடத்துக்கும் அப்படியே பொருந்தும்.

இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. முடிந்த வேலையை ‘90 சதவீதம் ஆகிவிட்டது’ என்ற வாய்ச்சொல்லால் கணிக்காமல், அளந்த அளவால் கணிக்க வேண்டும். அளக்க இயலாத சிறு வேலைகளுக்கு, முழுவதும் முடியும்வரை மதிப்பு எதுவும் கிடையாது என்ற விதியே பாதுகாப்பானது. அதேபோல், வந்திறங்கியும் பில் வராத பொருளைச் செலவில் சேர்க்காவிட்டாலும், வாங்கியும் பயன்படுத்தாத இருப்பை அதிலிருந்து கழிக்காவிட்டாலும் குறியீடு பொய் சொல்லும். மேலும், அடித்தள வேலையில் கிடைத்த குறியீடு தரைக்கல்லும் வர்ணமும் எப்படிப் போகும் என்பதைச் சொல்லாது. ஆகவே மாதம் ஒருமுறை ஒவ்வொரு தலைப்புக்கும் மீதமுள்ள அளவை இன்றைய உண்மையான விலைவீதத்தால் பெருக்கி, முடிவுச் செலவைப் புதிதாகக் கணித்துக்கொள்வதையே நான் அதிகம் நம்புகிறேன்.

மாற்றங்களும் பில்களும்

‘இந்தச் சுவரைக் கொஞ்சம் நகர்த்திவிடுங்கள்’ என்று தளத்தில் நின்றபடி சொல்லப்படும் ஒரு வார்த்தை, இடித்தல், குப்பை அகற்றல், மின்குழாய் மாற்றம், மூன்று நாள் தாமதம் ஆகியவற்றைக் கூடவே கொண்டுவருகிறது. எந்த மாற்றமானாலும், வேலை தொடங்குவதற்கு முன் அதற்கு வரிசை எண் கொடுத்து, கூடும் செலவு, கூடும் நாட்கள், அதை ஏற்பவர் யார் என்ற மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உரிமை கோருவதற்கான கெடுவையும் ஒப்பந்தத்தில் படித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆலோசனைப் பொறியாளர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிடிக் வெளியிட்டு, உலகெங்கும் கையாளப்படும் மாதிரி ஒப்பந்தங்களின் 1999 பதிப்பு, நிகழ்வை அறிந்த அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாட்களுக்குள் ஒப்பந்ததாரர் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது; தவறினால் கூடுதல் காலமும் பணமும் கேட்கும் உரிமை போய்விடும். தவறிப்போனதை இடித்துக் கட்டும் செலவுக்கும் தனி எண் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது மற்றத் தலைப்புகளுக்குள் ஒளிந்துகொள்ளும்.

துணை ஒப்பந்ததாரரின் பில்லைத் தொடக்கத்திலிருந்து இன்றுவரையிலான மொத்த அளவாக எழுதி, முன்பு கொடுத்ததைக் கழித்துத் தருவது, ஒரே வேலைக்கு இருமுறை பணம் போவதைத் தடுக்கும். மறைந்துபோகும் வேலைகளை மறைவதற்கு முன் இரு தரப்பும் சேர்ந்து அளந்து, அளவுப் புத்தகத்தில் கையெழுத்திட வேண்டும்: மண் நிரப்புமுன் தோண்டிய குழி, கான்கிரீட்டுக்கு முன் கம்பி. தொடக்க வேலைகளுக்கு மட்டும் விலையை ஏற்றிப் போட்டிருக்கும் ஒப்பந்தங்களில், கொடுத்த பணத்தின் சதவீதம் முடிந்த வேலையின் சதவீதத்தை முந்திச் செல்கிறதா என்று ஒவ்வொரு பில்லிலும் பாருங்கள். முந்தியிருந்தால், ஒப்பந்ததாரர் பாதியில் விலகிப்போகும்போது மீதி வேலைக்குப் போதிய பணம் இருக்காது.

மாத அறிக்கை

மாதம் முடிந்த ஐந்து நாட்களுக்குள் ஒரே பக்கத்தில் அறிக்கை தயாராக வேண்டும். ஒதுக்கீடு, ஒப்புதல் பெற்ற மாற்றங்கள், கொடுத்த ஆணைகள், முடிவுச் செலவுக் கணிப்பு ஆகியவற்றோடு சென்ற மாதக் கணிப்பையும் ஒரு பத்தியில் போடுங்கள், ஏனென்றால் ஒரு தலைப்பு மாதந்தோறும் சிறிது சிறிதாக ஏறிக்கொண்டிருப்பதை அந்தப் பத்திதான் காட்டிக்கொடுக்கும். மீறிய தலைப்பில் விலை ஏறியதா, அளவு கூடியதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உண்மை விலைக்கும் மதிப்பீட்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தை உண்மை அளவால் பெருக்கினால் விலையால் வந்த மீறல் கிடைக்கும். அளவுகளின் வித்தியாசத்தை மதிப்பீட்டு விலையால் பெருக்கினால் அளவால் வந்த மீறல் கிடைக்கும். முதலாவதைக் கொள்முதல் செய்பவரோடு பேச வேண்டும், இரண்டாவதைத் தளப் பொறியாளரோடு பேச வேண்டும். அறிக்கையின் ஒரு படி தளப் பொறியாளர் கைக்கும் கட்டாயம் போகட்டும். அடுத்த தளத்தின் சென்டரிங் மட்டத்தைச் சரிபார்க்கப்போகிறவர் அவர்தான்.