பழைய ரிசீவரில் ரெகுலேட்டரும் ட்ரான்சிஸ்டரும் பார்ப்பது: 7912இன் நடுக்கால் என்னை ஏமாற்றிய கதையோடு

மஸ்கெலியாவில் இருக்கும் மாமா தன் பழைய ஜப்பான் ரிசீவரை உரச் சாக்கில் சுற்றி ஹட்டன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். "மருமகனே, காலையில நல்லாப் பாடுது, கொஞ்ச நேரம் போனா கரகரன்னு வந்து செத்துப் போகுது." இந்த ஒரு வரியில் பாதி விடை இருந்தது. அது எனக்குப் புரிய மூன்று வாரம் ஆனது, ஒரு நல்ல ரெகுலேட்டரும் (வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்தும் மூன்று கால் பாகம்) வீணாய்க் கழன்றது.

மல்டிமீட்டர் பிடிக்கவும் ஈயம் வைத்து ஒட்டவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அது தெரியாவிட்டால் 230 வோல்ட் ஓடும் பெட்டியை இப்போது திறக்க வேண்டாம்.

திறந்ததும் செய்ய வேண்டியது, பெரிய கெப்பாசிட்டர்களில் நிற்கும் கரண்டை இறக்குவது. ஸ்க்ரூட்ரைவரால் ஷார்ட் பண்ணிப் பொறி பறக்க விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம். 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் காப்பிட்ட கிளிப்பில் பிடித்து முனைகளில் வையுங்கள், பிறகு மீட்டரில் சுழி வந்ததா என்று பாருங்கள். மறுபடி கரண்ட் கொடுக்கும்போது 60 வாட் இழை பல்ப் ஒன்றை லைனில் தொடராக மாட்டுங்கள். சட்டென எரிந்து மங்கினால் நல்லது, பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். எல்இடி பல்ப் இதற்கு உதவாது. இழை பல்புக்காக டவுனில் நான்கு கடை ஏறினேன், கடைசியில் பாட்டி வீட்டு சாமி அறையில் ஒன்று கிடைத்தது.

சரி, ரெகுலேட்டர். கறுப்பு முனையை முதலை கிளிப்பால் கிரவுண்டில் கடித்துவிட்டு, சிவப்பு முனையை மட்டும் ஒரு கையில் பிடியுங்கள். இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்தால் என்றாவது ஒருநாள் வழுக்கிப் பக்கத்துக் காலைத் தொடும், அத்தோடு நல்ல பாகமும் போகும். எழுத்து உங்களைப் பார்க்க, கால் கீழே இருக்க, பிளஸ் 12 வோல்ட் தரும் 7812 ரெகுலேட்டரில் இடமிருந்து உள்வரவு, கிரவுண்ட், வெளிவரவு. வெளிவரவில் 11.5 முதல் 12.5 வோல்ட் வரை வந்தால் நலம். உள்வரவில் குறைந்தது 14.5 வோல்ட் இருக்க வேண்டும். அது இல்லாமல் ரெகுலேட்டரைத் திட்டிப் பயனில்லை, பின்னால் போய் டயோடையும் கெப்பாசிட்டரையும் பாருங்கள்.

இப்போது நான் விழுந்த குழி. பக்கத்தில் மைனஸ் 12 வோல்ட்டுக்கான 7912 இருந்தது, பார்க்க அண்ணன் தம்பி மாதிரி ஒரே உருவம். நடுக்கால் கிரவுண்ட்தானே என்ற நினைப்பில் சும்மா தொட்டுப் பார்த்தேன், மைனஸ் 19 வோல்ட். கிரவுண்டில் 19 வோல்ட்டா, உள்ளே ஷார்ட்டாகிவிட்டது என்று முடிவு கட்டி, கழற்றி, கொழும்பு புறக்கோட்டையில் புதிதாய் வாங்கி வரச்சொல்லி மாட்டினேன். அதிலும் மைனஸ் 19. கடைக்காரன் போலியைத் தலையில் கட்டிவிட்டான் என்று இரண்டு நாள் அவரைத் திட்டியது பாவம், அவர் மேல் தப்பே இல்லை. 7912இன் வரிசை வேறு: கிரவுண்ட், உள்வரவு, வெளிவரவு. நடுக்கால்தான் உள்வரவு. அதில் மைனஸ் 19 வருவதே சரி. முதுகில் இருக்கும் உலோகத் தகடும் நடுக்காலோடு சேர்ந்தது என்பதால், நடுவே மைக்கா என்ற காப்புத் தகடு வைக்காமல் ஹீட்சிங்கில் (சூட்டை இறக்கும் உலோகத் துண்டு) முறுக்கினால் அந்த 19 வோல்ட் நேராகப் பெட்டியின் உலோகச் சட்டத்தில் இறங்கும்.

அதனால் கால் வரிசையை மனப்பாடத்திலிருந்து எடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அந்த எண்ணின் டேட்டாஷீட்டை (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) திறந்து, பேப்பரில் படம் வரைந்து பக்கத்தில் வையுங்கள். ட்ரான்சிஸ்டருக்கும் இதே கதைதான். ஜப்பான் பெட்டிகளில் நிறைய வரும் சி1815இன் தட்டை முகத்தைப் பார்த்தால் எமிட்டர், கலெக்டர், பேஸ். அதற்குப் பதிலாக எல்லோரும் போடும் பிசி547இல் கலெக்டர், பேஸ், எமிட்டர். அப்படியே செருகினால் வேலை செய்யாது.

ட்ரான்சிஸ்டரை முதலில் கழற்றாமலே பார்க்கலாம். கரண்ட் ஓடும்போது பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே அளந்தால், வேலை செய்துகொண்டிருக்கும் சிலிக்கன் ட்ரான்சிஸ்டரில் 0.55 முதல் 0.7 வோல்ட் வரை இருக்கும். அங்கே 2, 3 வோல்ட் வந்தால் உள்ளே சந்தி அறுந்துவிட்டது, சந்தேகமே வேண்டாம். சுழி வந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள், மியூட் வேலைக்கு (சத்தத்தை அடக்க) வைத்த ட்ரான்சிஸ்டர் அணைந்தே இருக்கலாம்.

மாமாவின் பெட்டியில் டோன் பலகையில் எல்லாமே 0.6 என்று ஒழுங்காய்க் காட்டியது. எங்கள் வீட்டுக் குளிரில் மூடியைத் திறந்து வைத்து அளந்தால் வேறென்ன காட்டும்? தங்கச்சியின் ஹேர் டிரையரைக் கடன் வாங்கி, ஒவ்வொரு ட்ரான்சிஸ்டராகச் சூடு காட்டினேன். ஐந்தாவதில் 0.62 திடீரென்று 2.8 ஆகி ஸ்பீக்கர் கரகரத்தது. மாமா முதல் நாளே சொன்னது அதைத்தான். அதன் கால்களும் கறுத்திருந்தன. பக்கத்தில் பழைய பசை பழுப்பேறிக் கிடந்தது, அந்தப் பசை பழசானால் கால்களை அரிக்கும், ஈரம் சேர்ந்தால் கரண்டும் கடத்தும். கண்டால் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

கழற்றிய பிறகு டயோட் நிலையில் வைத்து, என்பிஎன் வகை ட்ரான்சிஸ்டர் என்றால் சிவப்பைப் பேஸில் வைத்து மற்ற இரண்டையும் தொடுங்கள், 0.6 அளவில் வர வேண்டும். முனைகளை மாற்றினால் ஒன்றும் வரக்கூடாது. கலெக்டர், எமிட்டர் நடுவே எந்தப் பக்கமும் ஒன்றும் வரக்கூடாது. பலகையில் இருக்கும்போதே இப்படிப் பார்த்தால் பக்கத்து ரெசிஸ்டர்கள் வழியாகப் பொய்க் கணக்கு வரும். முள் மீட்டரில் ஓம் நிலையில் கறுப்பு முனைதான் பிளஸ், அப்பாவின் பழைய மீட்டரை எடுக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். நான் டிஜிட்டல் மீட்டர் பக்கம். மூன்று காலையும் செருகினால் தானே பெயர் சொல்லும் மலிவு டெஸ்டரும் பிடிக்கும், ஆனால் அது சில வோல்ட்டில்தான் சோதிக்கிறது, அதில் தேறிய அவுட்புட் ட்ரான்சிஸ்டர் 35 வோல்ட்டில் கசியலாம்.

பின்குறிப்பு: ஒருவர் 7912ஐத் தனியாக மேசையில் வைத்துப் பார்த்தபோது மைனஸ் 12க்கு மேல் ஏறுகிறது என்று எழுதியிருந்தார். சுமை இல்லாமல் பார்த்தால் அப்படி ஆகலாம். வெளிவரவுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்துவிட்டு அளக்கச் சொன்னேன், இறங்கிவிட்டது.

இன்னொருவருக்கு மாலை ஆறு மணிக்கு மேல்தான் ஹம் சத்தம் வருகிறதாம். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் கரண்ட் எடுக்கும்போது வோல்ட் இறங்கியிருக்கும். அந்த நேரத்திலேயே 7812இன் உள்வரவை அளந்து பாருங்கள் என்றேன். 13.6 என்று பதில் வந்தது, வேண்டிய 14.5க்குக் கீழே.