தானாக நிரம்பாத இடத்தில் கையால் ஒட்டாதீர்கள்: ஆட்டோஃபில் அமைப்பில் நேரும் தவறுகள்

கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் என்றால் தட்டச்சு வேலை மிச்சம், அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பெரிய பயன் வேறு. தளத்தின் முகவரியைப் பார்த்துத்தான் அது கடவுச்சொல்லைத் தானாக நிரப்புகிறது; இதைத்தான் ஆட்டோஃபில் என்கிறோம். வங்கியின் லோகோவையும் நிறத்தையும் அப்படியே நகலெடுத்த போலித் தளத்தில் நம் கண் ஏமாந்துவிடும். மேனேஜருக்கு லோகோ தெரியாது, முகவரி மட்டுமே தெரியும். முகவரி பொருந்தவில்லை என்றால் பேசாமல் இருந்துவிடும். அந்த மௌனம்தான் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை.

சில மாதங்களுக்கு முன் அக்கா போன் செய்தாள். "பேங்க் சைட்ல பாஸ்வேர்டு தானா வரமாட்டேங்குதுடா, நானே காப்பி பண்ணிப் போட்டுட்டேன்" என்றாள். எனக்குப் பகீரென்றது. நல்லவேளை, அது உண்மையான தளம்தான்; வங்கி தன் முகவரியை மாற்றியிருந்தது. இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று அந்த ஆண்டு ஏப்ரலில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதனால் பழைய முகவரியோடு சேமித்துவைத்த பலருக்கும் ஆட்டோஃபில் திடீரென்று நின்றுபோயிருக்கும். அப்போது கையால் ஒட்டிப் பழகிவிட்டால், நாளை போலித் தளத்திலும் கை அதையே செய்யும்.

நிரம்பவில்லையா? முதலில் அந்தப் பக்கத்துக்கு எப்படி வந்தீர்கள் என்று பாருங்கள். எஸ்எம்எஸ் அல்லது வாட்ஸாப் லிங்க் வழியாக வந்திருந்தால் மூடிவிடுங்கள். வங்கியின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். சந்தேகம் இருந்தால் கிளையில் கேளுங்கள். முகவரியில் தளத்தின் பெயர், அதாவது அதையடுத்து வரும் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதி, 'டாட் பேங்க் டாட் இன்' என்பதோடு முடிய வேண்டும். அதை ஒட்டியே இன்னொரு புள்ளியும் வேறு பெயரும் வந்தால் அது வங்கி இல்லை. சரி, உண்மையான தளம்தான் என்று உறுதியானபின் மேனேஜரில் அந்தப் பதிவைத் திறந்து புதிய முகவரியையும் சேருங்கள். பிட்வார்டன் போன்ற மேனேஜர்களில் ஒரே பதிவுக்குப் பல முகவரிகள் கொடுக்கலாம். அடுத்த முறை தானாக வரும்.

இன்னொரு தவறு, பக்கம் திறந்த உடனே நிரப்பும்படி வைப்பது. பிட்வார்டனில் இந்த வசதி அணைத்த நிலையிலேயே வருகிறது, அப்படியே விட்டுவிடுங்கள். 2017 டிசம்பரில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். விளம்பரக் கண்காணிப்பு ஸ்கிரிப்டுகள் இரண்டு, பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத லாகின் படிவத்தை வைக்கும். பிரவுசரின் உள்ளேயே இருக்கும் மேனேஜர் அதை நிரப்பிவிடும். அதிலிருந்து ஸ்கிரிப்டு மின்னஞ்சல் முகவரியை எடுத்து, ஹாஷ் வடிவத்தில் (அடையாளக் குறியீடாக மாற்றி) அனுப்பிவிடும். அதிகம் பார்க்கப்படும் தளங்களை வரிசைப்படுத்திய அலெக்ஸா பட்டியலின் முதல் 10 லட்சம் தளங்களில் 1,110 தளங்களில் இவை இருந்தன. அந்த ஸ்கிரிப்டுகள் எடுத்தது மின்னஞ்சலைத்தான். ஆனால் கடவுச்சொல்லும் அதே வழியில் போகக்கூடியதுதான். கண்ட்ரோல், ஷிஃப்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பிட்வார்டன் நிரப்பிவிடும். நீங்கள் கேட்டபோது மட்டும் நிரப்பட்டும்.

அப்புறம் முகவரிப் பொருத்தம். பிட்வார்டன் இயல்பாக அடிப்படை டொமைனை, அதாவது தளத்தின் முதன்மைப் பெயரை, மட்டும் ஒப்பிடும். அதன் கிளைத் தளங்கள் எல்லாவற்றிலும் அதே பதிவைக் காட்டும். பெரும்பாலானவர்களுக்கு இது போதும். ஒரே டொமைனின் கீழ் பலர் தனித்தனித் தளம் நடத்தும் கல்லூரி, அலுவலகம் போன்ற இடங்களில் கிளைத் தளத்தின் பெயரையும் சேர்த்து ஒப்பிடும் 'ஹோஸ்ட்' பொருத்தத்துக்கு மாற்றுங்கள். பாதுகாப்பு கூடட்டும் என்று சிலர் முழு முகவரியும் அப்படியே பொருந்த வேண்டிய 'எக்ஸாக்ட்' வைக்கிறார்கள். லாகின் முகவரியின் வால் பகுதி அடிக்கடி மாறும், மாறியதும் நிரம்பாது, மறுபடி காப்பி பேஸ்ட்தான். பொருத்தத்துக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவ விதி) எழுதுபவர்கள் புள்ளிக்கு முன் பின்சாய்கோடு போட மறக்கக் கூடாது. வெறும் புள்ளி எந்த எழுத்தோடும் பொருந்தும், வேறொருவரின் டொமைனும் அதில் நுழைந்துவிடலாம்.

கீபாஸ் என்ற மேனேஜரைப் பயன்படுத்துபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நமக்குப் பதிலாகத் தானே தட்டச்சு செய்யும் அதன் 'ஆட்டோ டைப்' இயல்பாக ஜன்னலின் தலைப்பைப் பார்த்துத்தான் பதிவைத் தேர்கிறது, முகவரியை இல்லை. தலைப்பை எந்தத் தளமும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆகவே பிரவுசருக்கு எக்ஸ்டென்ஷன் இணைப்பை வைத்துக்கொண்டு, ஆட்டோ டைப்பைக் கணினியில் நிறுவிய மென்பொருள்களுக்கு ஒதுக்குங்கள். அதை இயக்கும் முன் தமிழ் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுவதும் நல்லது.

போனில் ஆண்ட்ராய்டு 8 முதல் ஆட்டோஃபில் சேவையை நாமே தேர்ந்தெடுக்கலாம். பலர் புதிய மேனேஜரை அங்கே தேர்ந்துவிட்டு, பிரவுசரின் 'கடவுச்சொல்லைச் சேமிக்கவா?' வசதியை அணைக்காமல் விடுகிறார்கள். ஒரு மாற்றம் இங்கே சேமிக்கப்படும், அடுத்தது அங்கே. கடைசியில் எது சரியான கடவுச்சொல் என்று தெரியாது. செயலிகளுக்குள் திறக்கும் லாகின் பக்கத்திலும் கவனம் தேவை. அங்கே நிரப்பும் விவரம் அந்தச் செயலியின் கைக்கே போகக்கூடும் என்று ஐதராபாத் ஐஐஐடி ஆய்வாளர்கள் 2023 டிசம்பரில் காட்டினார்கள். அதிகம் பழகாத செயலி என்றால் அங்கே நிரப்பாதீர்கள்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தவர்கள்கூடக் கோட்டைவிடும் இடம், மேனேஜரின் பெட்டகத்தையே திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு. பெட்டகத்தின் வலைப்பக்கத்தில் முதல்முறை நுழையும்போது பிரவுசர் "சேமிக்கவா?" என்று கேட்கும்; பழக்கதோஷத்தில் "சரி" என்று தட்டிவிடுகிறோம். பெட்டகத்தின் சாவி பிரவுசரில் உட்கார்ந்துவிடும். அக்காவின் லேப்டாப்பிலும் அது இருந்தது. இன்றே உங்கள் பிரவுசரின் கடவுச்சொல் பட்டியலைத் திறந்து, உங்கள் மேனேஜரின் பெயரைத் தேடிப் பாருங்கள். இருந்தால் அதை நீக்கிவிட்டு, மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றுங்கள். புதியதை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வையுங்கள்.