கம்பளிப் பை: சுடுதண்ணீருக்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

புதுச்சேரியில் மார்கழி விடியலுக்குக்கூட ஒரு பருத்திச் சால்வை போதும். அதனால்தான் இங்கே பின்னல் கற்றவர்கள் பலர் குழந்தைக் குல்லாவோடு நின்றுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்த ஊர் வெயிலில் கம்பளியை உருப்படியாகப் பயன்படுத்த ஒரே வழி பை பின்னுவதுதான். தளர்வாகப் பின்னி, சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுக் கசக்கினால் கண்ணிகள் மறைந்து கெட்டியான ஃபெல்ட் துணியாகிவிடும். பிறர் தந்த அளவைப் பார்த்துச் செய்தால் பெரிய சிக்கல் வராது. சொந்தமாக வடிவமைக்கும்போதுதான் சறுக்கல்கள், அவற்றில் பாதி பை நனைவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

நூலிலிருந்து தொடங்குவோம். நேரு வீதிக் கடைகளில் ‘உல்லன் நூல்’ என்று கேட்டால் எடுத்துப் போடுவது பெரும்பாலும் அக்ரிலிக். அதை எவ்வளவு கசக்கினாலும் ஃபெல்ட் ஆகாது. ஆட்டுக் கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, ஈரம், உரசல் மூன்றும் சேரும்போது இழைகள் ஒன்றுக்குள் ஒன்று நகர்ந்து, செதில்கள் மாட்டிக்கொண்டு பின்வாங்க முடியாமல் இறுகுகின்றன. அக்ரிலிக்குக்கும் பருத்திக்கும் அந்தச் செதில் இல்லை. சுத்தக் கம்பளியே ஆனாலும் லேபிளில் ‘சூப்பர்வாஷ்’ என்றோ, மெஷினில் துவைக்கலாம் என்றோ போட்டிருந்தால் வாங்காதீர்கள். சுருங்கக் கூடாது என்பதற்காகவே அதன் செதில்களை ரசாயனத்தால் மழுக்கியோ பூச்சால் மூடியோ இருப்பார்கள்.

லேபிள் இல்லாத நூல் என்றால் ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகிய நாற்றம் வந்து, தானே அணைந்து, தொட்டால் பொடியாகும் கரி மிஞ்சினால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் அக்ரிலிக். இரண்டும் கலந்த நூல் இந்தச் சோதனையில் ஏமாற்றும். அதற்கு மாதிரித் துண்டுதான் வழி.

பலர் தாவிவிடுவதும் அந்த மாதிரித் துண்டைத்தான். நம் வீடுகளில் ஒயர் கூடை பின்னிப் பழகிய கை, கண்ணில் தெரியும் அளவே கடைசி அளவு என்று நம்பும். ஃபெல்ட்டில் அது நடக்காது. அகலம் ஒரு கணக்கில் சுருங்கும், உயரம் இன்னொரு கணக்கில், பெரும்பாலும் அதைவிட அதிகமாகச் சுருங்கும். 20 செ.மீ.க்கு 20 செ.மீ. துண்டு பின்னிக் கசக்கிக் காயவைத்ததும் 15 அகலம், 12 உயரம் நின்றது என்று வைத்துக்கொள்வோம். அகலத்தில் முக்கால் பங்கும் உயரத்தில் ஐந்தில் மூன்று பங்கும் மிஞ்சியிருக்கிறது. உங்களுக்கு 30 அகலம், 27 உயரம் உள்ள பை வேண்டுமென்றால் 30ஐ 0.75ஆல் வகுத்து 40, 27ஐ 0.6ஆல் வகுத்து 45. பின்னி முடிக்கும்போது அகலத்தைவிட உயரம் கூடிய, தொளதொளத்த மூட்டை ஒன்று மடியில் கிடக்கும். அதைப் பார்த்துப் பயந்து வரிசைகளைக் குறைத்தால் பை குட்டையாகிப் போகும். பிறகு பிரித்துப் பின்ன வழியில்லை, இறுகிய ஃபெல்ட் பிரியாது. பெரிதாகிவிட்டால் கத்தரியால் வெட்டலாம், நூல் அவிழாது. ஆகவே சந்தேகம் வந்தால் பெரிதாகவே பின்னுங்கள்.

ஊசி எண்ணிலும் ஒரு குழி இருக்கிறது. அமெரிக்கக் குறிப்பில் 10ஆம் எண் ஊசி என்றால் 6 மி.மீ. நம் கடைகளில் கிடைக்கும் பழைய பிரிட்டிஷ் எண் 10 என்றால் 3.25 மி.மீ.தான், அங்கே எண் கூடக் கூட ஊசி மெலியும். மெல்லிய ஊசியில் நெருக்கிப் பின்னினால் இழைகள் நகர இடமிருக்காது, ஃபெல்ட் சரியாக இறுகாது. எண்ணை விட்டுவிட்டு மி.மீ. கேளுங்கள். அந்த நூலுக்கு வழக்கமாக எடுப்பதைவிட இரண்டு அளவு தடித்த ஊசி நல்லது.

கைப்பிடியை நீளவாக்கில் வரிசை வரிசையாகப் பின்னினால் அதிகம் சுருங்கும் திசையில் அது போகிறது. கணக்கு அதற்கேற்ப மாற வேண்டும். உபயோகத்தில் அதே கைப்பிடி பாரம் தாங்காமல் இழுபடும். உள்பக்கம் பருத்தி நாடா வைத்துத் தைத்தால் நிற்கும்.

கடலோர போர் தண்ணீர் பல தெருக்களில் கடினம். பார் சோப்பு நுரைக்காமல் திரிந்து, கம்பளியில் பிசுக்காக ஒட்டும். திரவ டிடர்ஜென்ட் போடுங்கள், அல்லது பிடித்து வைத்த மழைத்தண்ணீர். கதவு பூட்டிக்கொள்ளும் ஃப்ரன்ட் லோடு மெஷினில் நடுவில் எடுத்துப் பார்க்க முடியாது. இந்த வேலைக்குப் பழைய செமி ஆட்டோமேட்டிக்தான் ராஜா. பையைத் தலையணை உறைக்குள் கட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் பஞ்சு வடிகுழாயை அடைக்கும். உரசலுக்கு ஒரு பழைய ஜீன்ஸ், துண்டு வேண்டாம், அதன் பஞ்சு ஒட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள், உள்பக்கங்கள் ஒட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி பிளாஸ்டிக் தொட்டியைக் கெடுக்க வேண்டாம், கை பொறுக்காத சூடு போதும். சூட்டைவிட உரசல்தான் அதிகம் வேலை செய்கிறது.

சோதனை செய்ய ஆசைப்படுகிறவர்கள் சிவப்பையும் வெள்ளையையும் முதல் முயற்சியிலேயே சேர்ப்பது வழக்கம், சிவப்பு கசிந்துவிடும். இரண்டு வகைக் கம்பளியைக் கலந்தால் ஒன்று கூடுதலாகச் சுருங்கி மற்றது நெளியும். அதை வேண்டுமென்றே செய்தால் அழகு. அதைவிட எனக்குப் பிடித்தது கோலிக்குண்டு வேலை. பின்னிய துணிக்குள் கோலிகளை வைத்துப் பருத்தி நூலால் இறுகக் கட்டி ஃபெல்ட் செய்து, காய்ந்தபின் அவிழ்த்தால் மொட்டு மொட்டாக நிற்கும். ஈரத்திலேயே அவிழ்த்துப் பார்க்கும் அவசரம்தான் இதைக் கெடுக்கும்.

மெஷினில் நெடுநேரம் பிழியாதீர்கள், மடிப்பு அப்படியே பதிந்துவிடும். துண்டில் சுற்றிப் பிழிந்து, பிளாஸ்டிக் உறை மாட்டிய அட்டைப்பெட்டியையோ புத்தகக் கட்டையோ உள்ளே திணித்து வடிவம் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது காய நாள் கணக்காகும், மக்கின வாடையும் வரும். மாசி, பங்குனிக்குத் தள்ளிவைக்கலாம். முழுக்கக் காயும்வரை உள்துணியோ ஜிப்போ தைக்காதீர்கள், காயும்போதும் அளவு கொஞ்சம் நகரும்.