பழைய பேன்ட்டைத் தூக்கிப் போடுமுன்

1970களில் பெல்பாட்டம். 2010களில் காலோடு ஒட்டும் ஸ்கின்னி ஜீன்ஸ். 2020களில் மறுபடியும் தொளதொள. இப்படிப் போய்த் திரும்பி வருவதால், அலமாரியைக் காலி செய்யும்போது எல்லாவற்றையும் கழித்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் பூட்டி வைக்கவும் வேண்டாம்.

உடை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் லேவர் 1937இல் வேடிக்கையாக ஒரு கணக்குச் சொன்னார்: வழக்கொழிந்த உடை 10 ஆண்டில் அசிங்கமாகத் தெரியும், 20இல் கேலிக்குரியதாக, 50இல் விநோதமாக, 70இல் வசீகரமாக! இப்போது வேகம் கூடிவிட்டது, 20 ஆண்டிலேயே பல பாணிகள் திரும்பிவிடுகின்றன. ஆக, உங்களுக்கு இன்று மிகவும் அசிங்கமாகப் படுவதை வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனமோ என்னவோ.

சரி, எதை வைப்பது? துணியைப் பாருங்கள். கெட்டியான முழுப் பருத்தி டெனிம் தாங்கும். எலாஸ்டேன் கலந்த ஸ்ட்ரெச் துணி அணியாமல் வைத்திருந்தாலும் நாளடைவில் இழுவை போய்த் தொய்ந்துவிடும். அதைச் சேமிப்பதில் பயனில்லை. அகலமான பேன்ட்டைப் பிடித்துத் தைத்துக் குறுக்கலாம். குறுகலானதை அகலமாக்க, உள்தையலில் கூடுதல் துணி விட்டிருந்தால்தான் உண்டு.

1980களின் தோள் பேட் வைத்த கோட்டில் கொஞ்சம் கவனம். பேடை எடுத்துவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் தோளே அகலமாக வெட்டப்பட்டிருப்பதால் சரிந்து தொங்கும். அப்புறம், எதை வைத்தாலும் துவைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே மடித்து வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத வியர்வைக் கறை பின்னாளில் மஞ்சளாகிவிடும்.